மழை பெய்தால் கொதிக்கும் சுவர்

இலங்கை மலையகத்தில் டிக்கோயாவுக்கு மேலே, ஓடைக்கரைத் தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் வாழ்ந்துவரும் முத்துலிங்கம் ஆசிரியரைப் பற்றி இதுவரை யாரும் எழுதியதில்லை. எழுதும்படியாக அவர் எதுவும் செய்ததும் இல்லை. வயது நாற்பத்தெட்டு. தோட்டத்துப் பாடசாலையில் பெரிய வகுப்புகளுக்கு விஞ்ஞானம் கற்பிப்பவர். மாரியம்மன் கோயில் சபையின் செயலாளர். வீட்டுக்குப் பின்னால் லீக்ஸ் பயிரிடும் ஜீவராணியின் கணவர். இந்தப் பதவிகளில் கடைசியானதில் மட்டும் அவருக்கு அதிகாரம் கொஞ்சம் குறைவு. இப்படி எந்த வம்புக்கும் போகாத மனிதர் ஒரு பங்குனி மாதத்தில் அம்மனையே கொதிக்க வைத்தார். அதனால்தான் அவருக்கும் ஒரு வரலாறு வேண்டியிருக்கிறது.

அவர் பிறந்தது அதே பிரிவின் லயத்தில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில். அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் கத்தி பிடித்தவர், அம்மா கொழுந்துக் கூடை சுமந்தவர். அந்தப் பிரிவிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் என்பதால், பட்டத்தோடு திரும்பி வந்த நாள்முதல் அவரைக் கேட்காமல் அங்கே எதுவும் நடப்பதில்லை. சார்ஜ் போடும்போது போன் ஏன் சுடுகிறது, டொக்டர் கொடுத்த குளிசையைச் சாப்பாட்டுக்கு முந்திப் போடுவதா பிந்திப் போடுவதா, கேஸ் சிலிண்டரைப் படுக்க வைக்கலாமா, எல்லாம் அவரிடம்தான் வரும். அவரும் ஒருநாளும் ‘தெரியாது’ என்று சொன்னதில்லை. தெரியாத இடம் வந்தால் தாடையைத் தடவிக்கொண்டு, “அது ஆராய்ந்து பார்க்க வேண்டிய விடயம்” என்பார். கேட்டவர் பெரிய மருந்து கிடைத்த திருப்தியோடு போவார்.

ஆனால் தெரிந்த இடங்களும் அவருக்கு உண்டு. அதில் தலையாயது, இரசாயனத் தாக்கங்களின்போது ஏற்படும் வெப்பமாற்றம். வருடந்தோறும் அந்தப் பாடம் வரும்போது ஆசிரியர் சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு வருவார். முகவையில் ஒரு கல்சுண்ணாம்பைப் போட்டுத் தண்ணீர் ஊற்றுவார். கல் சீறிப் பிளந்து ஆவி கிளம்பும். “சூளையில சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது அது வெப்பத்தை உறிஞ்சுது. அது அகவெப்பத் தாக்கம். அப்படி வாங்கினதுல ஒரு பங்கை, தண்ணியைக் கண்டதும் திருப்பிக் கொடுக்குது. இது புறவெப்பத் தாக்கம். சுண்ணாம்பு எதையும் மறக்காது, பிள்ளைகளே” என்பார். மாணவர்கள் அவருக்கு ‘புறவெப்பம் சேர்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவருக்குத் தெரியாது என்பது அவர்கள் நினைப்பு. தெரியும். உள்ளூரச் சந்தோஷமும் உண்டு.

அந்த வருடத் திருவிழாவுக்குக் கோயிலுக்கு வெள்ளையடிப்பதென்று சபை முடிவு செய்தது. சுண்ணாம்பு வாங்கும் பொறுப்பு செயலாளருக்கு. ஹட்டனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் பைஸர் நானா நல்ல மனிதர். அன்றைக்கும் நல்லதைத்தான் சொன்னார்.

“பவுடர் சுண்ணாம்பு கொண்டுபோங்க சேர். கலக்கினா வேல முடிஞ்சுது.”

“பவுடர்னா அது ஏற்கெனவே நீறிப்போன சுண்ணாம்பு நானா. அதுல என்ன இருக்கு? எனக்குக் கல்லு வேணும்.”

“கல்லு வேணும்னா மாத்தளையில இருந்து வந்தது கெடக்கு. ஆனா கொண்டுபோன கையோட நீத்திருங்க. பின்னேரமானா மழை. தண்ணி பட்டா அது சும்மா கெடக்காது.”

“நானா, அதைத்தான் இருபது வருஷமாப் படிச்சுக் கொடுக்கிறேன்.”

“அதுதான் சேர் எனக்குப் பயம்” என்று பைஸர் நானா மூட்டைகளை ஆட்டோவில் ஏற்றிவிட்டார்.

மூட்டைகளைப் பழைய பிள்ளைக் காம்பராவில் வைக்கும்படி சபைத் தலைவர் வீரய்யா சொல்லியிருந்தார். பாலூட்டும் தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச்சென்ற அந்தக் கட்டடம் இப்போது காலியாகக் கிடக்கிறது. அங்கே போக ஒரு மேடு ஏற வேண்டும். ஆசிரியர் மேட்டைப் பார்த்தார். கோயிலின் பின்புறம், மூலஸ்தானச் சுவரோடு ஒட்டிய தகரக்கூரைச் சாமான் அறையைப் பார்த்தார். அதன் சாவி அவர் இடுப்பில்தான் இருந்தது. பாதுகாப்புக் காரணங்களுக்காக மூட்டைகள் சாமான் அறையிலேயே, அம்மனின் முதுகுச் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டன. தகரத்தில் ஆணி கழன்ற ஓர் ஓட்டை அதற்கு நேர் மேலே இருந்தது. ஓட்டையை அவர் பார்க்கவில்லை. மழை விட்டதும் தண்ணீர் ஊற்றி நீற்றிக்கொள்ளலாம் என்று பூட்டிக்கொண்டு வந்தார். மழை விடவில்லை. பின்னேரந்தோறும் பெய்தது, வெள்ளையடிப்பும் தள்ளிப்போனது.

இதற்கிடையில் கோயிலில் காப்புக் கட்டியாயிற்று. காப்புக் கட்டினால் திருவிழா முடியும்வரை பிரிவில் எந்த வீட்டிலும் எண்ணெய்ச் சட்டி ஏறக் கூடாது. பொரிக்கக் கூடாது, தாளிக்கக் கூடாது. அம்மன் ஏற்கெனவே உக்கிரத்தில் இருப்பவள், நாமும் சூட்டைக் கிளப்பக் கூடாது என்பது வழக்கம். ஜீவராணியும் குழம்பைத் தாளிக்காமலே இறக்குவார். ஆசிரியர் அதை விஞ்ஞானத்தின் பெயரால் ஒரு தடவை கண்டித்துவிட்டு, இரண்டு தடவை வாங்கிச் சாப்பிடுவார்.

காப்புக் கட்டிய இரண்டொரு நாளில், ஒரு மழைப் பின்னேரம், பூசாரி அழகன் மூலஸ்தானத்துக்குள் விளக்கேற்றப் போனவர் வெளியே ஓடிவந்தார்.

“சுவரு கொதிக்குது. அம்மா முதுகுப் பக்கம் கைய வைக்க முடியல.”

பிரிவே திரண்டது. சுவரில் சாத்தியிருந்த வேப்பிலை வதங்கி வாடியிருந்தது. பூசிய சந்தனம் காய்ந்து ஓடு ஓடாக உதிர்ந்தது. பின்பக்கம் கூரை இடுக்கால் மெல்லிய ஆவி. யாரோ அதைப் படம் பிடித்து, ‘அம்மன் மூச்சு விடுகிறாள்’ என்று வாட்ஸப்பில் போட்டார்கள். மறுநாளே தலவாக்கலையிலிருந்து வேனில் ஆட்கள் வந்து சுவரைத் தொட்டுக் கும்பிட்டார்கள். மழை பெய்தால் மலை முழுக்கக் குளிரும், அந்தச் சுவர் மட்டும் கொதிக்கும். மழை நின்றால் சூடும் தணியும். இதற்குப் பூசாரி ஒரு காரணம் சொன்னார், தலைவர் இன்னொன்று சொன்னார், வேனில் வந்தவர்கள் ஊருக்கு ஒன்றாகச் சொன்னார்கள். எல்லோரிடமும் ஒரு கருத்து இருந்தது. முத்துலிங்கம் ஆசிரியரிடம் மட்டும் விடை இருந்தது.

சுவரில் கை வைத்த அந்தக் கணமே அவருக்குத் தெரிந்துவிட்டது. உள்ளங்கை சுட்டதைவிடக் காதுகள் அதிகம் சுட்டன.

“சேர், நீங்க சயன்ஸ் ஆளு. இது என்னான்னு நீங்களே சொல்லுங்க” என்றார் தலைவர் வீரய்யா. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நாலு பேர் சிரித்திருப்பார்கள், மூட்டையைத் தூக்கி வெளியே போட்டிருப்பார்கள், கதையும் இத்தோடு முடிந்திருக்கும். ஆனால் பைஸர் நானாவின் முகம் நினைவுக்கு வந்தது. ஏறாமல் விட்ட மேடு நினைவுக்கு வந்தது. ‘புறவெப்பம் சேர்’ புறவெப்பத்தாலேயே அம்மனைச் சுட்டார் என்று லயத்துக்கு லயம் சிரிக்கும் சத்தம் முன்கூட்டியே கேட்டது.

அவர் தாடையைத் தடவினார். “இது ஆராய்ந்து பார்க்க வேண்டிய விடயம்.”

வாழ்க்கையில் முதன்முறையாக, தெரிந்த ஒன்றுக்கு அந்த வாக்கியத்தைச் சொன்னார்.

அடுத்த நாள் வகுப்பில், விதி வகுத்த நேரசூசியின்படி, அதே பாடம். பின்வரிசையிலிருந்து ஒரு பெண்பிள்ளை எழுந்து, “சேர், அம்மன் சுவரு புறவெப்பமா, அகவெப்பமா?” என்று கேட்டாள். “அது பரீட்சைக்கு வராது” என்று சொல்லிவிட்டு ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பி, ஏற்கெனவே அழித்திருந்த பலகையை மறுபடி அழித்தார்.

அம்மன் கொதித்தால் யாரோ தப்புச் செய்திருக்க வேண்டும். யார் என்று கேட்க ஆரம்பித்த ஊர், சண்முகவடிவின் வாசலில் போய் நின்றது.

சண்முகவடிவு கொழுந்து பறிப்பவள். புருஷன் இல்லை. வேலை விட்டு வந்தபின் சந்தியில் பருப்பு வடை சுட்டு விற்பாள். போன வருடம் அவள் மகள் தனுஜா காய்ச்சலில் நினைவு தப்பி டிக்கோயா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பிள்ளை பிழைத்தால் அடுத்த திருவிழாவுக்குப் பால்குடம் எடுக்கிறேன் என்று அம்மனிடம் வேண்டிக்கொண்டாள். தனுஜா பிழைத்து நடந்து வீட்டுக்கு வந்தாள். குடம் வாங்கி விளக்கி வைத்து, நாள் பார்த்துக்கொண்டிருந்தாள் தாய். காப்புக் கட்டிய அன்று கடைசியாக ஒரு சட்டி வடை போட்டுவிட்டு அடுப்பை அணைத்ததாகச் சொன்னாள். காப்புக்கு முந்தியே அணைத்துவிட்டாளாம். காப்புக் கட்டின பிறகும் எண்ணெய் வாடை வந்ததென்று நாலு மூக்குகள் சாட்சி சொன்னன.

சபைக் கூட்டத்தில் தலைவர் சொன்னார்: “தண்டமெல்லாம் வேணாம். பாவம், பொம்பளை. இந்த வருஷம் பால்குடம் மட்டும் எடுக்க வேணாம். அம்மா குளிர்ந்தப்புறம் அடுத்த வருஷம் பாக்கலாம். சரிங்கிறவங்க கைய உசத்துங்க.”

கைகள் உயர்ந்தன. முத்துலிங்கம் ஆசிரியரின் கையும் உயர்ந்தது. அந்தக் கையைத் தாம் உயர்த்தவில்லை, அது எல்லாக் கைகளோடும் சேர்ந்து தானே போய்விட்டது என்று பிற்பாடு அவர் தமக்குள் வாதாடிப் பார்த்தார். கை அவருடையதுதான். சுவரைத் தொட்ட அதே கை.

அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. “தாளிக்காத குழம்புன்னா இப்படியா?” என்றார் ஜீவராணி. அவர் மனம் அப்போது ஒரு தந்திரத்தில் இருந்தது. சுவர் குளிர்ந்துவிட்டால் அம்மன் குளிர்ந்துவிட்டாள் என்று ஆகும். அம்மன் குளிர்ந்தால் வடிவின் மேல் யாருக்கும் கோபம் இருக்காது. உண்மையைச் சொல்லாமலே நியாயம் செய்துவிடலாம். சூட்டைக் குளிரால் தீர்ப்பது, புறவெப்பத்துக்கு அகவெப்பம். எவ்வளவு அழகான ஈடு என்று அவருக்கே ஒரு மயக்கம் வந்தது.

மறுநாள் தலைவலி என்று லீவு போட்டார். எல்லோரும் மலையில் கொழுந்து பறிக்கும் பகல் வேளை, பூசாரி நடை சாத்திவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார். ஆசிரியர், லீக்ஸ் பாத்திக்கு ஜீவராணி வாங்கி வைத்திருந்த யூரியா மூட்டையைக் கோணிக்குள் மறைத்துத் தூக்கிக்கொண்டு சாமான் அறையைத் திறந்தார். சுண்ணாம்பு மூட்டைகள் பொங்கல் பானை மாதிரிப் பொங்கி, தையல் வெடித்து, வெள்ளை மாவாக வழிந்துகொண்டிருந்தன. தூக்கி மாற்றலாம் என்றால் தூக்கத் தூக்கக் கொட்டும், வாசலெல்லாம் வெள்ளைத் தடம் விழும். பீப்பாய் ஒன்றின்மேல் ஏறி, சவர்க்காரத் துண்டாலும் ஷொப்பிங் பையாலும் கூரை ஓட்டையை அடைத்தார். பிறகு மூலையில் இருந்த பெரிய அண்டாவில் தண்ணீர் நிறைத்து, யூரியாவைக் கொட்டிக் கலக்கினார்.

யூரியாப் பளிங்குகள் தண்ணீரில் பிரிந்து கரைய வெப்பம் வேண்டும். அதை அவை அந்தத் தண்ணீரிடமே எடுத்துக்கொள்ளும். கலக்கும் கை விறைத்தது. அண்டாவின் வெளிப்பக்கம் வியர்த்தது. கரைவதை ஒரு தாக்கம் என்று சொல்லலாமா என்பது பற்றி ஆசிரியர்களிடையே அபிப்பிராய பேதம் உண்டு. விரல் மரத்துப்போனவருக்கு அந்தப் பேதம் இல்லை. கோணிச் சாக்குகளை அதில் முக்கிச் சுவரில் போர்த்தினார். சூடேறினால் எடுத்து மறுபடி முக்கினார். ஒரு தாய் காய்ச்சல்காரப் பிள்ளைக்குத் துணி நனைத்துப் போடுவது மாதிரி, பயத்தோடும் பாசத்தோடும் அம்மனின் முதுகுக்கு ஒத்தடம் கொடுத்தார். சூடான சுண்ணாம்போடு யூரியா சேர்ந்தால் அமோனியா கிளம்பும் என்பதும் அவருக்குத் தெரிந்ததுதான். தெரிந்தவை நினைவுக்கு வரும் வரிசையில் அன்று ஏதோ கோளாறு. கண் எரிந்து, மூக்கில் தண்ணீர் வடிய வேலையை முடித்து, அண்டாவைக் கழுவி அறைக்கு வெளியே கவிழ்த்து வைத்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு வந்தார்.

பின்னேரம் மழை கொட்டியது. பூசாரி நடை திறந்து, பயந்து பயந்து சுவரில் கை வைத்தார். ஐஸ் மாதிரி இருந்தது.

“அம்மா குளிர்ந்துட்டா” என்று அவர் அழுதேவிட்டார். மணி அடித்தது. கூட்டம் கூடிச் சுவரைத் தொட்டுத் தொட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஆசிரியரும் நெஞ்சுக்குள் ஒரு பெருமூச்சோடு நின்றார். அப்போது தலைவர் வீரய்யா திரும்பி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

“பாத்தீங்களா? வடிவத் தள்ளி வச்ச மறுநாளே குளிர்ந்துட்டா. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?”

ஆசிரியருக்கு அடிவயிற்றில் யாரோ ஒரு பிடி யூரியாவைக் கரைத்தது போலிருந்தது. சுண்ணாம்பு வைத்து அவள்மேல் பழியை ஏற்றினார், யூரியா வைத்து அதை உறுதியும் செய்தார். ஒரு தப்பை இரண்டு தாக்கங்களால் செய்து முடித்தவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

பால்குடத்துக்கு முந்திய நாள் பின்னேரம் சண்முகவடிவு அவர் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வந்து உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை. ஜீவராணி தேத்தண்ணி கொண்டுவந்தார்.

“வேணாம்மா. விரதம்.”

“இன்னுமா வடிவக்கா? பால்குடந்தான் இல்லைன்னுட்டாங்களே.”

“எடுக்க வேணாம்னுதான் சொன்னாங்க. இருக்க வேணாம்னு சொல்லலையே.”

பிறகு ஆசிரியரைப் பார்த்தாள். “சேர், நான் உங்ககிட்ட ஒண்ணு கேக்க வந்தேன். அன்னைக்கு அடுப்பக் காப்புக்கு முந்தித்தான் அணைச்சேன்னு நெனச்சிருந்தேன். இப்ப அம்மாவே குளிர்ந்து காட்டிட்டா. அப்ப நான்தான் பிந்தி அணைச்சிருப்பேன், எனக்குத்தான் ஞாபகம் பெசகிருச்சு போல. அது போகட்டும். வேண்டுதல் நிறுத்தினா குடுத்தத அம்மா திருப்பி எடுத்துருவாளா சேர்? தனுஜாவுக்கு ரெண்டு நாளா இருமல்.”

“ஒண்ணும் வராது” என்றார் ஆசிரியர். குரல் எங்கோ சுண்ணாம்பு மூட்டைக்கு அடியிலிருந்து வந்தது.

“எப்படி சேர் தெரியும்?”

எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருந்த மனிதர் தாடையைத் தடவக் கையைத் தூக்கினார். கை பாதியிலேயே நின்றுவிட்டது. “சரிங்க சேர், படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று சண்முகவடிவு படியிறங்கிப் போனாள்.

ஜீவராணி வாசலிலேயே நின்று கணவரைப் பார்த்தார். 

“ஏங்க, ரெண்டு நாளா ஊறப்போட்டும் உங்க சட்டையில மூத்திர வாடை போகல. பாத்திக்குப் போடலாம்னு பாத்தா யூரியா மூட்டையக் காணோம். இப்ப அந்தப் பொம்பளை கேட்டதுக்கு உங்க முகம் சாம்பலாப் போச்சு. இந்த மூணையும் நான் கூட்டிப் பாக்கவா, நீங்களே சொல்றீங்களா?”

அவர் சொன்னார். முழுவதும் சொன்னார். சொல்லி முடித்து, “திருவிழா முடியட்டும் ராணி. அப்புறம் தலைவர்கிட்டத் தனியாச் சொல்லிடுறேன்” என்றார்.

“திருவிழா முடிஞ்சப்புறம் அவ பாலை வச்சு என்ன செய்யறது, டீ போடுறதா?” என்று கேட்டுவிட்டு, ஜீவராணி ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

மறுநாள் காலை, பால்குடக்காரர்கள் ஓடைக்கு இறங்கும் முன் கோயில் முற்றத்தில் கூடி நின்றார்கள். மஞ்சள் சேலைகள், மேளம், வேப்பிலை. முற்றத்து ஓரத்தில், யார் காலிலும் படாமல், சண்முகவடிவும் தனுஜாவும் கும்பிட மட்டும் வந்து நின்றார்கள். ஆசிரியர் ஒரு அகலப் பேசின் பாத்திரமும் ஒரு வாளித் தண்ணீரும் எடுத்துக்கொண்டு நடுவில் வந்தார். பேசினில் சாமான் அறையிலிருந்து அள்ளிய சுண்ணாம்பு.

“சபையோருக்கு ஒரு விடயம் சொல்ல வேண்டும்” என்று ஆரம்பித்தவருக்கு எழுத்துத் தமிழ் அதற்கு மேல் ஓடவில்லை. “அம்மா கொதிக்கல. சுவரு கொதிச்சது. அதுக்குப் பின்னால இருந்தது என் சுண்ணாம்பு. தண்ணி பட்டா அது சூடாகும். வடிவு மேல ஒரு தப்பும் இல்ல. இப்ப பாருங்க.”

தண்ணீரை ஊற்றினார். சுண்ணாம்பு தண்ணீரைக் குடித்துவிட்டுச் சும்மா கிடந்தது.

மறுபடி ஊற்றினார். சேறானது. கையை விட்டுப் பார்த்தார், குளிர்ந்திருந்தது. இருந்த சூட்டையெல்லாம் அந்தச் சுண்ணாம்பு அம்மனின் முதுகில் கொடுத்துத் தீர்த்துவிட்டது. கொடுத்ததை இன்னொரு தடவை கொடுக்க அதனிடம் ஒன்றும் மிச்சமில்லை. இருபது வருடம் தவறாமல் சீறிய சோதனை, ஒருநாள் அவசியமானபோது சீறவில்லை.

கூட்டம் ஒரு மாதிரி உருகியது. பூசாரி அழகன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “வடிவக் காப்பாத்த சேர் தன் மேல பழியப் போட்டுக்கிறாரு. என்னா மனசு பாருங்க.”

“படிச்ச மனுஷன்னா இப்படி இருக்கணும்” என்று யாரோ சொல்ல, நாலைந்து போன்கள் அவரைப் படம் பிடித்தன. தலைவர் வந்து தோளில் தட்டினார். “விடுங்க சேர். உங்க நல்ல மனசு அம்மாவுக்குத் தெரியும்.”

முத்துலிங்கம் ஆசிரியரின் வாழ்க்கையில் இதைவிடப் பெரிய பாராட்டு அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைக்கவில்லை. அவர் சேற்றுக் கையோடு நின்று, “இல்ல தலைவரே, உண்மையா நான்தான்” என்று சொல்லச் சொல்ல அவருடைய பெருமை வளர்ந்துகொண்டே போனது. தப்புச் செய்தவனை அடித்தால் வலிக்கும். புகழ்ந்தால் எங்கே வலிக்கிறது என்றே சொல்ல முடியாது.

“தலைவரே, நான் இவர்கிட்ட ஒண்ணு கேக்கலாமா?” பெண்கள் பக்கமிருந்து ஜீவராணி முன்னால் வந்தார்.

“கேளும்மா.”

“ஏங்க, என் லீக்ஸுக்கு வச்சிருந்த யூரியா எங்க?”

“கோயில்ல.”

“கோயில்ல எங்க?”

“சுவரக் குளிர வைக்கக் கரைச்சிட்டேன்.”

“எதுல கரைச்சீங்க?”

ஆசிரியர் தரையைப் பார்த்தார். “அண்டாவுல.”

அன்னதானப் பொறுப்பாளர் மெல்லக் கேட்டார், “எந்த அண்டாவுல சேர்? கூழ் காய்ச்சுற அண்டாவா?”

“கழுவித்தான் வச்சேன்.”

அவ்வளவுதான். விஞ்ஞானத்தால் நிறுவ முடியாததை அண்டா நிறுவியது. ஒருவர் தியாகத்துக்காகப் பழி சுமப்பார், ஆனால் கூழ் அண்டாவில் யூரியா கரைத்ததாகப் பொய் சொல்ல மாட்டார் என்பது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. “அதான் உள்ளுக்குள்ள அந்த நாத்தமா?” என்று பூசாரி பின்வாங்கினார். “நேத்து நான் அந்த அண்டாவுலதானே சோறு வடிச்சேன்?” என்று ஒரு பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். முற்றமே சிரிப்பில் அதிர்ந்தபோது வீரய்யா மட்டும் சிரிக்கவில்லை.

“சேர், அன்னைக்குக் கூட்டத்துல கைய உசத்தச் சொன்னேன். உங்களுக்கு அப்பவே தெரியுமா?”

“தெரியும்.”

“தெரிஞ்சும் உசத்துனீங்க.”

“உசத்தினேன்.”

முற்றத்துச் சிரிப்பு நின்றுபோனது. ஓரத்தில் நின்ற சண்முகவடிவு அப்போதுதான் வாயைத் திறந்தாள். அவளுக்குச் சுண்ணாம்பும் முக்கியமில்லை, அண்டாவும் முக்கியமில்லை.

“அப்ப பிள்ளைக்கு ஒண்ணும் வராதா சேர்?”

“வராது.”

“எப்படித் தெரியும்?”

“சுண்ணாம்பு என்னது வடிவு. நான்தான் அங்க வச்சேன். நீ அடுப்ப முந்தித்தான் அணைச்சே.”

அவள் தலையை ஆட்டினாள். மகளிடம், “ஓடிப்போய்க் குடத்த எடுத்துட்டு வா. மஞ்சச் சேலை பெட்டியில அடியில இருக்கு” என்றாள். ஆசிரியரை மன்னித்ததாகவோ மன்னிக்காததாகவோ அவள் ஒன்றும் சொல்லவில்லை. நேரமாகிறது என்று மேளக்காரரைப் பார்த்தாள்.

ஆசிரியருக்கு அது போதவில்லை. ஏதாவது ஒரு தண்டனை இருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது. தீச்சட்டி எடுப்பவர்கள் வரிசை கட்டுவதைப் பார்த்து, தலைவரிடம் போனார்.

“தலைவரே, நானும் ஒரு தீச்சட்டி எடுக்கிறேன்.”

“விரதம் இருந்தீங்களா?”

“இல்ல.”

“விரதம் இல்லாத ஆளு அதத் தொடக் கூடாது சேர். கையில சூடு பட்டா எல்லாம் தீர்ந்துரும்னு பாக்குறீங்க. அது அவங்க வேண்டுதல். உங்களுக்குத் தீர்த்து வைக்கவா அம்மா சட்டி வச்சிருக்கா?”

இப்படி, உள்ளே இருந்ததை வெளியே விடவும் வழியில்லாமல் அவர் ஒதுங்கி நின்றபோது, ஜீவராணி ஒரு குடம் மஞ்சள் தண்ணீரைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தார். “நம்ம வாசல்ல போய் நில்லுங்க. குடம் வரும்போது கால்ல ஊத்துங்க. தண்ணி ஊத்துறதுதான் உங்களுக்கு நல்லா வருமே.”

ஓடையிலிருந்து பால்குடங்கள் மேடேறி வந்தன. வீட்டு வாசல்தோறும் நடந்து வருபவர்களின் காலுக்குத் தண்ணீர் வார்த்துக் கும்பிடுவது வழக்கம். ஆசிரியர் குனிந்து ஒவ்வொரு காலாக ஊற்றினார். சேறும் தேயிலைச் சருகும் ஒட்டிய கால்கள். வரிசையில் கடைசியாக, அவசரத்தில் கட்டிய மஞ்சள் சேலையில், தலையில் குடத்தோடு சண்முகவடிவு வந்து நின்றாள். பக்கத்தில் தனுஜா இருமிக்கொண்டே வேப்பிலை பிடித்திருந்தாள்.

ஆசிரியர் ஊற்றினார். அவள் காலைச் சட்டென்று பின்னுக்கு இழுத்தாள்.

“ஐஸாட்டம் இருக்கே. இதுலயும் யூரியா போட்டீங்களா சேர்?”

பின்னால் வந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். தனுஜாவும் சிரித்துவிட்டாள். சண்முகவடிவு சிரிக்கவில்லை. பதிலுக்காக உண்மையாகவே நின்றுகொண்டிருந்தாள்.

“இல்ல வடிவு. வெறும் ஓடைத் தண்ணி. மஞ்சள் மட்டுந்தான்.”

“சரி, அப்ப ஊத்துங்க” என்று காலை மறுபடி முன்னால் வைத்தாள்.